துவைகல்

மார்கழிக் கடைசி. ஆற்றுவாய் வெட்டி மூன்றாம் நாள்.
படுவான்கரைக்குக் கடக்கும் பாதையில்
என் மோட்டார்சைக்கிள், நாலு உரமூடை,
யாருடைய சீதனமோ ஒரு அலுமாரி,
அதன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி ஒரு மாடு.
நான் நிருபர். செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு,
படம் சேர்ந்தால் மேலே கொஞ்சம்.

கொழும்பிலிருந்து குரல்:
"கல்வெட்டாமே. நூற்றைம்பது சொல்லுக்குள் தாங்க.
யானை போன கிழமை போட்டாச்சு. பாடுமீன் வேண்டாம்."
பாடுமீன் நானும் எழுதுவதில்லை.
தோணிக்காரர் சிலர் அதை ஊரி என்பார்கள்.
சிலர் ஒன்றும் சொல்லாமல்
துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி
பிடியைக் காதில் வைப்பார்கள்.

நெடியவட்டை.
வாய்க்கால் திருத்த வந்த பெக்கோ
குளக்கட்டின் அடியில் நின்றது, வாய் நிறையச் சேறு.
கல்லை அது கண்டுபிடித்ததாகத்தான் எல்லோரும் எழுதினோம்.
கல் அங்கேயேதான் கிடந்தது,
பாக்கியவதியின் துவைகல்லாக,
இடம்பெயர்ந்து திரும்பிய கிழமையிலிருந்து
பதினாறு வருஷம்.
பெக்கோ புரட்டிப் போட்டது, அவ்வளவுதான்.
அடிப்பக்கம் எழுத்து.

ஜீப்புகள் வந்தன. மஞ்சள் நாடா வந்தது.
கட்டின் இந்தப் பக்கம் ஒரு கைபேசி நேரலையில்
"இது எங்கட" என்றது.
அந்தப் பக்கம் இன்னொன்று, இன்னொரு மொழியில்,
அதையே சொன்னது.
மழை பிடித்தது.
வட்டவிதானை உதுமாலெவ்வை தன் குடையைக்
கல்லுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.
தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.
"அழிஞ்சா ஒருத்தருக்கும் இல்லாமப் போயிரும்" என்றார்.

திணைக்களத்துப் பெண் மதனவாணி
ஈரத்தாளை ஒற்றி, தட்டித் தட்டி,
மை பூசி எடுத்தாள்.
மன்னன் பெயர் இருந்த மூலை உடைந்திருந்தது.
ஆண்டு பாதி.
மிச்சத்தை விரல் வைத்து வாசித்தாள்:
குளத்து நீரில் எட்டிலொரு பங்கு
கீழ்வெளி நிலத்துக்கு.
இதை மாற்றுகிறவன்,
என்று தொடங்கிய வரி
சாபம் வருமுன்னே தேய்ந்துபோயிருந்தது.
இரண்டு கைபேசியும் தாழ்ந்தன.
உதுமாலெவ்வைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
"இப்பவும் எட்டிலொண்டுதான் மகள்.
இந்தப் போகமும் அதுக்குத்தான் சண்டை.
கடைசி வரி இருந்திருந்தா எனக்கு உதவியா இருந்திருக்கும்."

உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் விரித்து
கல்லை ஏற்றினார்கள், எழுத்து மேலே பார்க்க.
கீழே போன முகத்தை
நான் மட்டும் படம் எடுத்தேன்:
நடுவில் ஒரு பள்ளம், வழுவழுப்பாக,
ஒரு பெண்ணின் இரண்டு கை அகலம்.
பாக்கியவதி நனைந்த உடுப்பு வாளியோடு நின்றாள்.
"மறுகா நான் எதில தம்பி துவைக்கிற?
இதையும் எழுதுங்க."
எழுதினேன். வெட்டிவிட்டார்கள்.

இரவு, கல் கிடந்த குழியில் தண்ணீர் ஊறியிருக்கிறது.
தனியன் ஒன்று இறங்கிக் குடித்து,
அறிவித்தல் பலகையில் முதுகைத் தேய்த்து,
மஞ்சள் நாடாவைப் பின்காலில் இழுத்துக்கொண்டு
காட்டுக்குள் போயிற்று.
காலையில் பாலைமரம் வரை நாடா கிடந்தது.
யானை போன கிழமை போட்டாச்சு.

தை பிறந்து மீண்டும் போனேன்.
வீதி அகலிக்கும்போது பிடுங்கி எறிந்த
கருங்கல் ஒன்றை மோட்டார்சைக்கிளில் கட்டியிருந்தேன்.
பாதைக்காரன் பார்த்தான்.
"இதிலயும் எழுத்து கிடக்கா?"
கிடந்தது. மட். 19.
எங்கிருந்து எங்கே பத்தொன்பது மைல் என்று
இருவருக்கும் தெரியவில்லை.

பாக்கியவதி காலால் உருட்டி, குந்தி,
கல்லைத் தடவிப் பார்த்தாள்.
"எழுத்துப் பக்கத்தைக் கீழ போடுவம்.
சவுக்காரம் அப்பிக்கும்."