பத்தி 212

தம்பிக்குச் சூரமங்கலத்தில் கல்யாணம்.
மண்டபத்தில் ஜெனரேட்டர் சத்தம் தாங்காமல்
மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு
நேற்றே ஏற்காடு ஏறிவிட்டேன்.
நாகலூர்ப் பக்கம் ஓர் அறை.
சன்னலுக்கு வெளியே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு.
அறைக்குள் ஐம்பத்தெட்டுப் பேர்,
ஒருவருக்கும் உயிர் இல்லை.

'வெளிநாட்டில் வக்கீல்' என்று
வீட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள்.
பதினோரு வருடத்தில் ஒருநாளும்
நீதிமன்றத்தில் எழுந்து நின்றதில்லை நான்.
எனக்குக் கீழே ஏழு பேர்.
அவர்கள் எழுதுவதில் ஓட்டை தேடுவது என் வேலை,
எதிர்த்தரப்பு தேடுவதற்கு முன்.
ஒக்கெல்லோ, அரிசியில் கல் பொறுக்குவதுபோல்
அடிக்குறிப்புகளைப் பார்ப்பான்.
லூர்தெஸ், 'அறிந்திருந்தார்' என்பதற்கும்
'அறிந்திருக்க வேண்டும்' என்பதற்கும் நடுவே
நாற்பது பக்கம் எழுதுவாள்.
தாரிக் சின்னவன். பத்தி 212 அவனுடையது.

"தளபதி பாலத்தின் தென்முனையில் நின்றார்.
கையை உயர்த்தினார்."
சாட்சி நாற்பத்தொன்று.
குற்றப்பத்திரிகை முழுவதும்
அந்தக் கையில்தான் தொங்குகிறது.

மூன்று நாளாக அந்த வரிக்கே திரும்பத் திரும்பப் போகிறேன்,
ஆடும் பல்லை நாக்கு தேடுவதுபோல.
நாள் சரி. வெளிச்சம் சரி.
ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்பதுகூடச் சரி.

நாலு மணிக்கு அங்கே பதிவகம் மூடும்.
நமக்கு ஏழரை.
ஏழரை என்றால் எங்கள் ஊரில் வேறு பொருளும் உண்டு,
அதைக் குழுவுக்கு விளக்கவில்லை.

ஐந்து மணிக்குப் பெரியண்ணனின் ஜீப்பில் இறங்கினேன்,
பட்டுப்புடவை, மடியில் கணினி.
பதினெட்டாவது வளைவில் அவர் சொன்னார்:
"நேத்து ராத்திரி இங்கதாங்க ஒரு வேன் கவுந்துச்சாம்.
டிரைவரு குதிச்சு ஓடிட்டானாம்."
"பாத்தீங்களா?"
"நான் எங்கீங்க பாத்தேன்?
ஓடிட்டானாம்னுதானே சொன்னேன்."

நிறுத்தச் சொன்னேன்.

கீழே சேலம், வெள்ளைக்கல் குவியல்களோடு
வெயிலில் வெளிறிக் கிடந்தது.
சிக்னல் இரண்டு கோடு.
மொழிபெயர்ப்பாளர் நெனாவைச் சாப்பாட்டு மேசையில் பிடித்தேன்.
முப்பத்தெட்டாவது நிமிடம், சாட்சியின் சொந்தக் குரல்.
'நின்றார்' என்கிற சொல்லின் வாலை மட்டும் கேள்.
உங்கள் மொழியில் வால் உண்டா?

பேருந்து ஒன்று ஹாரன் அடித்து வளைந்தது.
பானெட்டில் ஒரு குரங்கு.

"இருக்கிறது," என்றாள். "சின்னதாக.
எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம்.
அதற்கு அர்த்தம் உண்டென்று தோன்றவில்லை."

நின்றாராம்.
உயர்த்தினாராம்.

தாரிக் வெகுநேரம் பேசவில்லை. பிறகு,
"அவர் நிற்காமலா ஐம்பத்தெட்டுப் பேர்?" என்றான்.
நின்றிருப்பார். நானும் நம்புகிறேன்.
நம்புவதற்கு நமக்குச் சம்பளம் இல்லை என்று
சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.
"வெட்டு," என்றேன்.
"ரேடியோ பதிவை மேலே கொண்டு வா.
லூர்தெஸின் நாற்பது பக்கத்தை அதன் முதுகில் கட்டு.
கை இல்லாமல் நிற்கிறதா பார்ப்போம்.
அந்த அம்மாவிடம் யார் சொன்னார்கள் என்று
நாளைக்கே கேட்க ஆள் அனுப்பு."

அந்த வளைவிலேயே இருட்டிவிட்டது.
வீட்டுக்கு வாங்கிய தட்டுவடைப் பொட்டலத்தைப்
பெரியண்ணன் பிரித்து நீட்டினார்.
பட்டில் எண்ணெய்.
ஏழு இருபத்தொன்றுக்கு ஒக்கெல்லோவிடமிருந்து
ஒற்றைச் சொல்: பதிவானது.

மண்டபத்தில் வரவேற்பு பாதி முடிந்திருந்தது.
பெண் வீட்டுக்காரர் ஒருவர்
போட்டோவுக்கு நெருங்கி நின்றபடி,
"பெரிய பெரிய கொலைகாரங்களையெல்லாம்
உள்ள தள்ளுறீங்களாமே?" என்றார்.

ஆம் என்றேன்.
எந்த ஆம் என்று அவர் கேட்கவில்லை.
இங்க பாருங்க, இங்க பாருங்க என்று
கேமராக்காரர் கையை உயர்த்தினார்.