ஒன்றும் இல்லை

முர்காபில் இரவானால்
இரண்டு பேரை வீட்டுக்குள் தூக்கி வர வேண்டும்:
பக்கத்து வீட்டில் தூங்கிப்போன மகனை,
பிறகு வேனின் பேட்டரியை.
இருவருக்கும் அடுப்பருகேதான் படுக்கை.
அவன் தூக்கத்தில் உதைப்பான்,
நடுவே ஒரு மாவு மூட்டை.

வேனுக்கு என்னைவிட நான்கு வயது கூட.
ரஷ்யாக்காரன் செய்தது; உருண்டை உடம்பைப் பார்த்து
ஊரே அதை மாத்திரை என்கிறது.
நான் நர்ஸ். மாத்திரையில் ஏறி
தடுப்பூசிப் பெட்டியோடு
யாக் மேய்ப்பவர்களின் கூடாரம் கூடாரமாகப் போகிறேன்.
கிலோமீட்டர் முள் எப்போதோ செத்துவிட்டது.
அக்பைதால் கணவாயை எத்தனை முறை ஏறினேன் என்று
எண்ணித்தான் கணக்கு.

நோட்டில் இருப்பது இவ்வளவுதான்:

பத்தாம் ஏற்றம். ஆயில் மாற்றியது. பழையது கறுப்பு,
விரலில் தேய்த்தால் இரும்புத்தூள் இல்லை.
பன்னிரண்டு. முன்சக்கரங்களுக்குக் கிரீஸ். இடப்பக்கம்
ஒரு முனை அடைப்பு, ஊசியால் குத்தித் திறந்தேன்
(பழைய ஊசி).
பதின்மூன்று. பெட்ரோலைத் துணியில் வடித்தேன்.
மணல், ஒரு ஈ, நீலமாக ஏதோ.
பதினான்கு. ஒன்றும் இல்லை.
பதினைந்து. ஒன்றும் இல்லை.

கொழுந்தன் சத்யபால்தி சிரிப்பான்.
ஓடுகிற வண்டியை எதற்கு நோண்டுகிறாய், பூருல்சா?
செப்டம்பரில், விளிம்பு லேசாகப் பளபளத்தது என்பதற்காக
அறாத ஃபேன் பெல்ட்டை நான் கழற்றியபோது
தேநீர் சிந்தச் சிரித்தான்.
எனக்குப் பழக்கம்தான்.
பிள்ளையை இறுக்கிக்கொண்டு தாய்மாரும் இதையே கேட்கிறார்கள்:
நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு ஊசி?
வந்து போன காய்ச்சலுக்கு ஆடு அறுப்பார்கள்.
வராத தட்டம்மைக்கு
யார் விருந்து வைத்தார்கள்?

ஜனவரி. கணவாய்க்குக் கீழே
அவனுடைய லேண்ட் குரூசர்,
என் வேனைவிட இருபது வயது இளசு,
வாயைப் பிளந்து நின்றது.
அறுந்த பெல்ட் பனியில் கறுப்பாகக் கிடந்தது.
என் சீட்டுக்கடியில் அந்தப் பழைய பெல்ட் இருக்கிறது.
கதையென்றால் அது பொருந்தியிருக்கும்.
பொருந்தவில்லை. நான்கு விரல் குட்டை.

ஏறு என்றேன்.
பெட்டிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு
ஊர்வரை வந்தான். பேசியது ஒரே பேச்சு:
உன் ஹீட்டர் கண்ணாடிக்கு மட்டும்தானா?
ஆமாம் என்றேன்.

வாசலில் ரேடியேட்டர் குழாயைத் திறந்தேன்.
நீர் ஆவியோடு கொட்டி, நூலாகி, சொட்டானது.
போதும், உள்ளே போகலாம் என்றான்,
காலை மாற்றி மாற்றித் தட்டியபடி.
இன்னும் இருக்கிறது என்றேன்.
அடியில் தங்கும் ஒரு கை நீர் போதும்
விடிவதற்குள் எஞ்சினைப் பிளக்க.
நின்றோம்.
சொட்டு.
வெகுநேரம் கழித்து இன்னொன்று.
பிறகு அவனே கையுறையைக் கழற்றி, குனிந்து,
குழாய் வாயில் விரலை வைத்துப் பார்த்தான்.
ஒன்றும் இல்லை என்றான்.