ஐந்தாம் இரவின் கால்கள்

குமமோட்டோ. நிலம் ஆடிய ஐந்தாம் இரவு.
பேரங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில்
வீடு போனவர்களும்
வீடிருந்தும் கூரையை நம்பாதவர்களும்
கார்களுக்குள் மடங்கிக் கிடக்கிறார்கள்.

கண்ணாடிகளில் மூச்சின் ஆவி.
ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போகிறேன்.
தோளில் ஸ்கேன் பெட்டி, பையில் களிம்பு,
இறுக்கிப் பிடிக்கும் காலுறை நாற்பது ஜோடி,
தலைமேல் மழை.

காலைக் காட்டுங்கள் என்றால்
முகத்தை மூடிக்கொள்கிறார்கள்.
ஐந்து நாள் குளிக்காத கால்.
"மன்னிக்க வேண்டும்" என்கிறார் மினேயோ,
பூகம்பத்தை அவரே கூப்பிட்டுவிட்டதுபோல.

படிவம் வைத்திருக்கிறேன்.
புற்றுநோய் உண்டா, அண்மையில் அறுவை உண்டா,
கர்ப்பமா, பிள்ளை பெற்று எத்தனை வாரம்,
கருத்தடை மாத்திரை விழுங்குகிறீர்களா,
குடும்பத்தில் யாருக்காவது
காலில் இரத்தம் கட்டி, மூச்சு நின்றதுண்டா?
இல்லை. இல்லை. இல்லவே இல்லை.
நாற்பத்தாறு வயது. பள்ளிச் சமையற்கூடத்தில்
நாளெல்லாம் நின்று உழைக்கும் உடம்பு.
கட்டங்கள் எல்லாம் காலி.

"தண்ணீர் குடிக்கிறீர்களா?"
அது படிவத்தில் இல்லாத கேள்வி.
பின்னிருக்கையைத் திரும்பிப் பார்க்கிறார்,
மகன் தூங்கிவிட்டானா என்று.
பிறகு குரலை இறக்கி,
"கழிப்பறை அந்தக் கோடியில்.
விளக்கில்லை.
கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை.
காலையில் அரைக் கோப்பைத் தேநீர்.
அது போதும் எனக்கு."

முழங்காலின் பின்குழிவில்
கருவியை வைத்து அழுத்துகிறேன்.
திரையில் இரண்டு கரிய வட்டங்கள்.
தமனி துடிக்கும், எளிதில் அமுங்காது, அதன் குணம் அது.
பக்கத்துச் சிரையோ
தொட்டாற்சிணுங்கிபோல மூடிக்கொள்ள வேண்டும்.
அந்தச் செடிக்கு இங்கே
வணங்கும் செடி என்று பெயர்.

வலது கால் வணங்கியது.
இடது கால்
வணங்கவில்லை.
இன்னொரு முறை அழுத்தினேன்.
உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று,
ஊரே ஆடும்போது
அது மட்டும் ஆடாமல்.

"நான் ஒன்றும் செய்யவில்லையே,
சும்மா உட்கார்ந்துதானே இருந்தேன்" என்றார்
ஆம்புலன்ஸில் ஏற்றும்போது.
ஆமாம் அம்மா, அதுதான்
என்று சொல்ல வாய் வரவில்லை.
மகன் ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி
கூடவே ஏறினான்.

படிவத்தின் ஓரத்தில்,
கட்டமே இல்லாத இடத்தில் எழுதினேன்:
தாகத்தை அடக்கியவர்.
நாளைய மருந்துப் பட்டியலின் கீழே
இன்னும் இரண்டு வரி:
விளக்கு, இரண்டு.
தாழ்ப்பாள், நான்கு.

வெள்ளை வேனில் இருந்தவரை
ஏற்கெனவே ஒரு முறை கடந்து போயிருந்தேன்.
கெங்கோ. எழுபது தாண்டியவர், கனத்த உடம்பு.
கண்ணாடியை இறக்காமலே
நலம், நலம் என்று கையசைத்தவர்.
மடியில் நாய்.
அதன் தூக்கம் கலையக்கூடாது என்று
மாலையிலிருந்து முழங்காலை
அசைக்கவே இல்லையாம்.
பக்கத்து வண்டிக்காரர்தான் சொன்னார்.

திரும்பிப் போய்த் தட்டினேன்.
கால், கட்டி, நுரையீரல் எதையும் எடுக்கவில்லை.
"பாவம், நாய்க்குக்
காலாற நடக்கவேண்டும்போல இருக்கிறது."

"அப்படியா?" என்று பதறி
கதவைத் திறந்தார்.
மரத்துப்போன காலை முதலில் கையால் தூக்கி
வெளியே வைத்தார்,
யாரோ ஒருவருடைய காலை வைப்பதுபோல.

மூன்று பேரும் நடந்தோம்.
கோடிவரை போய், திரும்பி, மறுபடி கோடிவரை.
இடையில் நிலம் ஒரு முறை உறுமியது.
நாய் நின்றது. அவர் நின்றார்.
பிறகு நாய்தான் முதலில் நடந்தது.

அவருடைய கெண்டைக்காலை
அதன்பிறகு பார்த்தேன்.
இரண்டும் வணங்கின.

மணி மூன்றேகால்.
என் பையில் தண்ணீர்ப் புட்டி.
நண்பகலில் திறந்தது.
இன்னும் முக்கால் பங்கு இருக்கிறது.