கேட்டால் கையைத் தூக்குங்கள்

மீனாட்சி பஜாரில் மூவாயிரத்து ஐந்நூறு சொன்னான்,
ரெண்டாயிரத்து இருநூறுக்குப் படிந்தது.
"சத்தியமா ஓடும்க்கா, வாலு மட்டும் கொஞ்சம் மக்கர்."
பழைய ரிமோட்டுகளுக்கு நடுவே
ஒருக்களித்துக் கிடந்த வெள்ளை நாய்.
கட்டைப்பையில் தலை வெளியே தெரியத் தூக்கி வந்தேன்.
டீக்கடையில் ஒருவர் அதற்கு பிஸ்கட் நீட்டினார்,
கொஞ்சம் பொறுத்து அவரே தின்றார்.

மகால் ஐந்தாம் தெரு, மூன்றாம் மாடி.
ஒப்பந்தத்தில் ஏழாவது வரி: பிராணிகள் கூடாது.
குப்புராம் அண்ணன் படியேறி வந்தார்.
காக்கடைலை ஏற்கெனவே மன்னித்திருந்தார்;
அதன் கன்னத்து ஆரஞ்சுப் பொட்டைப் பார்த்து
ஜாங்கிரி என்று பெயர் வைத்தது அவர் பேத்தி.
நாயை ஒரு சுற்று சுற்றினார். குனிந்தார்.
"கடிக்காதுல்ல?"
"கரண்டுதான் குடிக்கும்."
"அப்ப யூனிட்டுக்கு எட்டு ரூபா."

எனக்கு வேலை செவிச் சோதனை.
கண்ணாடிக்கு அங்கிட்டு ஒருவர், காதில் கனத்த ஹெட்போன்.
இங்கிட்டு நான், என் பொத்தான்.
கேட்டால் கையைத் தூக்குங்கள்.
லேசாகக் கேட்டாலும் தூக்குங்கள்.
அனுப்பாத ஒலிக்கும் சிலர் தூக்குவார்கள்,
தோற்றுவிடப் பயந்து.
அவர்களை நான் வைவதில்லை.
இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தாமல் இருப்பேன்.

சார்ஜ் இறங்கினால் நாய்
மூன்று குட்டிச் சத்தம், ஓர் இடைவெளி, பிறகு ஒன்று.
ஆயிரம் ஹெர்ட்ஸ். அதில் எனக்குத் தப்பாது.

ஒரு ஞாயிறுதான் பார்த்தேன்:
நாலேகாலுக்கு எழுந்தது,
கதவுவரை நடந்து உட்கார்ந்து தலை சாய்த்தது.
பத்து நிமிடம்.
பிறகு பைய வந்து படுத்துக்கொண்டது.
அடுத்த ஞாயிறும் அதே.
எங்கோ ஒரு பிள்ளைக்குப் பள்ளி வேன் வரும் நேரம்.
எந்த ஊர்ப் பிள்ளையோ,
இப்போது எத்தனையாம் வகுப்போ.
அழிக்க வழியுண்டு: வயிற்றடியில் ஒரு துளை,
குண்டூசியால் பத்து நொடி.
எடுத்தேன்.
ஜாங்கிரி கொண்டையை விறைத்து என்னையே பார்த்தது.
குண்டூசியால் பால் பாக்கெட்டை ஓட்டை போட்டேன்.

மணிபிளான்ட் எங்கே வைத்தாலும் பிழைக்கும்,
அதனாலேயே அதற்கு நன்றி சொன்னதில்லை.
இருளாயி சிஸ்டர் சோழவந்தானிலிருந்து கொண்டுவந்த
வெற்றிலைக்கொடி அப்படியில்லை.
ஜன்னலில் கருகியது, குளியலறையில் அழுகியது.
சார்ஜர் மூலையில்தான் துளிர்த்தது.
ஏன் என்று கேட்கவில்லை நான்.

சித்திரையில் கரண்டு போவதும் வருவதுமாக இருந்தது.
எதிர்சேவைக் கூட்டத்தில்
தல்லாகுளத்தில் நசுங்கிக்கொண்டிருந்தேன் நான்.
அன்றிரவு அது எத்தனை முறை கூப்பிட்டதோ,
கேட்டது ஜாங்கிரி ஒன்றுதான்.
"இந்தச் செல்லு கெடைக்காதுக்கா.
கம்பெனியே இல்ல. பொம்மையா வச்சுக்கங்க."

வைத்துக்கொண்டேன்.
ஆனி முடிவதற்குள் கொடி முன்னங்காலைத் தொட்டது.
கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பிடித்து
ஆடியில் கழுத்தில் ஏறியது.
காலையில் தெளிக்கும்போது
அதன் கண்ணிலும் நாலு சொட்டு விழும்,
முந்தானையால் துடைப்பேன்.
வெட்டிவிடலாம் என்று நினைத்ததும் உண்டு.
எதை என்றுதான் தெரியவில்லை.

நேற்று ஒற்றைத் தலைவலி, லீவு.
பாயில் கவிழ்ந்து கிடக்கிறேன்.
மூன்று குட்டிச் சத்தம்.
இடைவெளி.
ஒன்று.
திரைக்கம்பியில் ஜாங்கிரி,
கதவைப் பார்த்துத் தலை சாய்த்தபடி.
மணி நாலேகால்.
என்னைக் கேட்காமலே
என் கை மேலே போனது.

அதே நேரம் கதவைத் தட்டும் சத்தம்.
யூனிஃபார்ம்கூட மாற்றாமல் குப்புராம் அண்ணன் பேத்தி,
கையில் மடித்த சீட்டு.
"இந்த மாசமும் யூனிட்டு கொறஞ்சிருக்காம்.
ஏன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு தாத்தா."