நடுவில் ஒரு புள்ளி

ஃபாக்டும் எஸ்ட் என்று முழுசாகத்தான் எழுதுவேன்.
தரெந்தும் விழுந்த வருஷம் விலைபோனவன் நான்;
லத்தீனைக் காதால் அல்ல, கண்ணால் கற்றவன்.
செய்தாயிற்று:
அதில் ஓரெழுத்து குறைந்தாலும்
எசமானின் உப்புச் சாடியில்
கைவிட்டதுபோல் இருக்கும் எனக்கு.

மரமேடைக்குப் பின்னால் ஒத்திகை.
புதுப் பையன் என் சுருளைப் பிரித்து
எழுதியதை எழுதியபடியே படித்தான்.
ஏழரைச் சீரில் ஓட வேண்டிய அடி
கூட ஒரு காலை இழுத்துக்கொண்டு
பாதி வழியில் தடுக்கி விழுந்தது.
இரட்டைக்குழலை வாயிலிருந்து எடுத்தான் வென்டியுஸ்.
"இது நாடகமா, நிலப் பத்திரமா?"

ஓஃபில்லுஸ் எழுந்து வந்தான், காப்புவாக்காரன்,
அடிமை வேஷம் கட்டும் அடிமை.
வாயில் அவித்த அவரை.
"ஃபாக்டும்ஸ்ட்" என்றான்.
செஞ்சாச்சு.
அவ்வளவுதான்; அடி எழுந்து
மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடியது.
"எஸ்ட்டை என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.
"தின்னுட்டேன் கிரேக்கா.
மாசக் கோதுமை போதலை."

அன்றிலிருந்து தெருவைக் கேட்கப் பழகினேன்.
மீன் விற்கிறவள் பார்க்கிறாயா என்பதில்லை,
பாக்குறியா: விடேன்.
சொன்னாயே என்று வழக்காடுகிறவன்
சொன்னியே என்கிறான்: டீக்ஸ்டி.
ஊரே வாயில் போட்டு மெல்கிறது.
மெல்லாதவை இரண்டு:
வெண்கலத்தில் வெட்டிய சட்டம்,
நான்.

ஒரு சொல் மட்டும் தொண்டையில் முள்ளாய் நின்றது.
சிஸ்.
முழுசாக அது சி விஸ்,
உனக்கு விருப்பமென்றால்.
எங்களிடம் நாளெல்லாம் அதைச் சொல்வார்கள்.
தண்ணி கொண்டா, சிஸ்.
வாயை மூடு, சிஸ்.
வேணும்னா என்பது தேய்ந்து தேய்ந்து
சாட்டை நுனியின் சீறல் மட்டும் மிஞ்சிய சொல்.
உள்ளே இருந்த விருப்பம் எங்கே என்று
யாரும் தேடவில்லை.
சீர் சரியாக வந்தது.

விழாவன்று சிரித்த சிரிப்பில்
பலகை இருக்கை ஒன்று முறிந்தது.
கால்வியுஸுக்குப் பை நிறையக் காசு.
சந்தோஷத்தில், அல்லது குடியில்,
ஓஃபில்லுஸை விடுவிப்பதாய் வாக்களித்தார்;
விடிந்த பிறகும் மாறவில்லை.
நீதிமான் முன்னால் ஒரு குச்சி தோளைத் தொட்டது.
எசமான் அவனைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி விட்டார்.
தலையில் கம்பளிக் குல்லா.

இரவு என் விளக்கடிக்கு வந்தான்.
"அவர் ஒண்ணு சொன்னார், எழுது.
மானே, சி விஸ்."
இரு, உனக்கு விருப்பமென்றால்.
"நிறுத்தி நிறுத்திச் சொன்னார், ரெண்டு சொல்லா.
முதல்ல புரியலை.
வேற பாஷையோன்னு நினைச்சேன்."

மெழுகுப் பலகையில் கீறினேன்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் புள்ளி.
எழுத்தறியாதவன்;
கடைசிப் புள்ளியைக் காட்டி
விருப்பம் எந்தப் பக்கம் என்றான்.
வலப்பக்கம் என்றேன்.
கட்டைவிரலை அதன்மேல் வைத்தவன்
மெழுகு இளகும்வரை எடுக்கவில்லை.

காலையில் ஒத்திகை.
குழலின் நாணலை எச்சிலில் நனைத்தபடி
வென்டியுஸ் கேட்டான்:
"எங்கே அந்தக் காப்புவாக்காரன்?"
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
"ப்ரோஃபெக்டுஸ்ட்" என்றேன்.
போயாச்சு.

புதுப் பையன் சிவப்புப் பொய்முடியை எடுத்து
மாட்டிக்கொண்டான்.
காதுவரை இறங்கியது அவனுக்கு.