முழுப்பேர்

எங்கள் தோட்டத்தில் நாள் சம்பளத்துக்குப் பேர் என்று பெயர்.
பதினெட்டுக் கிலோ கொழுந்து, ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
பதினேழே முக்கால் பறித்தவளும்
அன்றைக்கு செக்ரோலில் பாதி மனுஷிதான்.

அந்தப் பென்சில் ஒன்பது வருஷம் என் காதில் இருந்தது.

ஈரத்துக்கு இரண்டு கிலோ,
சாக்குக்கு ஒன்று,
முற்றல் இலைக்கு என் மனம் போல.
கழித்ததெல்லாம் காற்றில் போகவில்லை.
என் மச்சினி கணக்கில் ஏறி
முழுப்பேராகி
எங்கள் வீட்டுக் கூரைத் தகரமானது.
ஞாயிறு பூசையில் முதல் வாசகமும் நான்தான்.
குரல் நல்லது என்பார்கள்.

ஆடிச் சாரலில் ஒரு நாள்
மதலேனாள் பத்தொன்பது கொண்டுவந்தாள்.
பதினாறு என்றேன்.
அவள் தராசைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.
குனிந்து, கெண்டைக்கால் அட்டையைப் பிய்த்து
மேசையோரம் வைத்துவிட்டுப் போனாள்.
குடித்த வயிற்றோடு அது
செக்ரோல் மேல் மெல்ல ஊர்ந்தது.

மாசக் கடைசி ஞாயிறு
நோர்வூட்டிலிருந்து சாமி ஆட்டோவில் வந்தார்,
அங்கி ஓரமெல்லாம் சேறு.
அன்றைக்குத் திராட்சைத் தோட்டத்துக் கதை.
விடியற்காலைப் பெரட்டுக்கு வந்தவனுக்கும்
வேலை விடும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி.
பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது.
"அஞ்சு மணிக்கு வந்தவனுக்கு முழுப்பேரா?
அது எந்தக் கம்பெனித் தோட்டம் சாமி?"
சாமியும் சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இப்படிக் கணக்கெழுதினால் தோட்டம் மூன்று மாசம் தாங்காது
என்று அந்தத் துரைமேல் கோபம்தான் வந்தது.
பிறகு உறைத்தது.
நான் அஞ்சு மணிக்குக்கூட வந்தவன் இல்லை.
வந்தவர்களின் கூடையில் கைவிட்டவன்.
நற்கருணை வரிசையில் நிற்காமல்
மழையில் இறங்கி நடந்தேன்.

கொழுந்து மடுவத்தில் ஒருவருமில்லை.
தொங்குதராசின் கொக்கியை
இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கினேன்.
முள் அறுபத்திரண்டில் நின்றது.
ஈரத்துக்குக் கழித்தேன்.
சாக்குக்குக் கழித்தேன், இந்த உடம்புதானே சாக்கு.
மதலேனாளுக்கு, புஷ்பவல்லிக்கு,
போன வருஷம் செத்த சூசையம்மாளுக்கு என்று
கழித்துக்கொண்டே போனேன்.
பூச்சியத்துக்கும் கீழே போயிருக்க வேண்டும்.
முள் அசையவில்லை.

கைகள் மேலே, கால்கள் தரையில் இல்லை.
இப்படித்தானே நீரும் தொங்கினீர்,
யாருடைய கணக்குக்கு, ஆண்டவரே?

பதில் ஏதும் கேட்கவில்லை. தகரத்தில் மழைதான்.
ஆனாலும் தோள் இற்றுப்போகிற நேரத்தில் தெரிந்தது:
நான் அழுமுன்னே,
திருந்துகிறேன் என்று ஒரு சொல் சொல்லுமுன்னே,
எங்கோ ஒரு செக்ரோலில்
என் பேர் முழுதாக விழுந்திருக்கிறது.
பென்சிலில் இல்லை.
அதைத் தாங்க முடியாமல்தான் கீழே விழுந்தேன்.

சம்பளத்துக்கு மறுநாள் இருட்டியபின்
பணிய லயத்துக்குப் போனேன்.
பதினோரு அரைப்பேர், ஐயாயிரத்து ஐந்நூறு.
வாசலிலேயே நிற்கவைத்து
மதலேனாள் பல்பு வெளிச்சத்தில் எண்ணினாள்.
மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
உட்காரச் சொல்லவில்லை.
உள்ளே அவள் மகன் கிழிந்த சப்பாத்தில்
சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தான்.
இரண்டாம் தரமும் எண்ணி முடித்தபின்
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டுங்க.
தீவாளிக்கு மறுநாளை விட்டுட்டீங்க.
அன்னைக்கு மழையே இல்ல.
அப்பவும் ஈரத்துக்குக் கழிச்சீங்க."