நாலே முக்கால்

நான் வேலை முடிந்து படியேறி வரும்போது
தார்கோ சீருடைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருப்பான்.
எனக்கு அது இரவின் வால்,
அவனுக்குப் பகலின் தலை.
நடுவில் எங்களுக்கென்று
இருபது நிமிடமும் ஒரு அடுப்பும்.

இடப்பக்க எரிவாயில் அவன் காபி.
அலுமினியக் கெட்டில்,
கைப்பிடி உருகி ஒரு பக்கம் சாய்ந்தது.
வலப்பக்கம் என் பால், அதில் சாக்லேட்.
அவன் விழிக்கக் குடிக்கிறான்,
நான் உறங்கக் குடிக்கிறேன்.
ஆறு வருடமாக
ஒரே மேசையில் உட்கார்ந்து
எதிரெதிர் ஊருக்குப் பயணச்சீட்டு வாங்குகிறோம்.

பிப்ரவரியில் ஒரு விடியல். போரா அடித்தது.
திரியெஸ்தேவில் அந்தக் காற்றுக்குப் பெயர் வைத்ததே
திட்டுவதற்கு வசதியாகத்தான் என்று நினைக்கிறேன்.
கீழே குப்பைத்தொட்டிகள்
ஒன்றையொன்று துரத்திக்கொண்டு துறைமுகம் வரை ஓடின.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் நீராவி
என் தலைமுடியில் உறைந்து கிடந்தது.

டப்பாவில் காபித்தூள் ஒன்றரைக் கரண்டி.
தாளுக்குள் சாக்லேட் ஆறே சதுரம்.
பால் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தேன்,
ஒரு கோப்பைக்குக் கொஞ்சம் மேலே.
கடைக்குப் போகலாம் என்றால்
காற்று கதவைத் திறக்க விடவில்லை.

கத்தியின் அடிப்பாகத்தால் சதுரங்களை நொறுக்கினேன்.
முதலில் இரண்டு கரண்டிப் பால் மட்டும்.
அது கூழாகிப் பளபளத்த பிறகு மீதி.
"கட்டி தட்டும்" என்றான்.
தட்டவில்லை.
"அடிபிடிக்கும்" என்றான்.
லேசாகப் பிடித்தது, ஒத்துக்கொள்கிறேன்.
கெட்டில் இருமி இருமி
அரைக் கோப்பை காபி தந்தது.
அதை அவன் கையிலிருந்து வாங்கி
என் பாத்திரத்தில் கவிழ்த்தேன்.

"நல்ல காபியைக் கெடுத்துவிட்டாய், நீவெஸ்."
"சாக்லேட்டைக் கெடுத்தேன் என்று ஏன் சொல்லவில்லை?"

நிறம் அப்படியேதான் இருந்தது.
வாசனை மட்டும்
கிடங்கு ஒன்றைத் திறந்துவிட்டது போல,
ஈரச் சாக்கும் கருகிய சர்க்கரையும்
ஏதோ ஒரு மரமும்.
ஒரு சிட்டிகை உப்பு. முள்கரண்டியால் அடித்தேன்,
கை வலிக்கும் வரை, நுரை வரும் வரை.

கழுவிய கோப்பை ஒன்றுதான்.
அவன் ஒரு வாய், நான் ஒரு வாய்.
இரண்டு கசப்பும் ஒன்றையொன்று
முதலில் முறைத்துக்கொண்டு
பிறகு நகர்ந்து இடம் விட்டன.
அவன் மேலுதட்டில் பழுப்பு மீசை.
சொல்லவில்லை.
பயணிகள் சொல்லிக்கொள்ளட்டும்.

அன்று பதினோராம் எண் பேருந்து
ஒன்பது நிமிடம் தாமதம்.
எனக்கோ தூக்கமே இல்லை.
போர்வைக்குள் கண் திறந்து கிடந்தேன்,
வயிறு "தூங்கு" என்றது,
நாடி "எழுந்திரு" என்றது.
அப்போது ஒரு வெளிச்சம்
சன்னல் மூலையில் தொடங்கி
கூரையின் விரிசல் வழியே நடந்து
அலமாரி மேல் மடங்கி மறைந்தது.
தொடர்ந்து எஞ்சினின் உறுமல்,
எனக்குத் தெரிந்த கியர் மாற்றம்.

ஆறு வருடமாக அவன்
என் கட்டிலுக்கு மேலே கடந்து போயிருக்கிறான்.
ஒரு நாளும் நான் விழித்திருந்ததில்லை.

மறுநாள் பால் வாங்கினேன், காபித்தூளும்.
மீண்டும் இரண்டு எரிவாய்கள், இரண்டு கோப்பைகள்.
செவ்வாய் மட்டும் விலக்கு.
அன்றிரவு எனக்கு வேலையில்லை,
தூங்காவிட்டாலும் குடி முழுகாது.
"உப்பை மறக்காதே" என்பான்,
தானே கண்டுபிடித்தவன் மாதிரி.

ஒன்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.
செவ்வாய்க்கிழமைகளில் அந்த வெளிச்சம்
கூரை விரிசலில் வந்ததும்
சற்று நிற்கிறது.
நிறுத்தம் எதுவும்
எங்கள் தெருவில் கிடையாது.